டாக் பதிப்பின் ஏழாம் பக்கம்

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். தட்டச்சுப் பயிலகத்தின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, படியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சு. நூற்பாலையின் காலை ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறாள். கையில் ஒரு கடித உறை. மடித்து மடித்து மூலைகள் நைந்திருந்தன. இந்தியத் தபால்தலை. ராமேசுவரம் முத்திரை.

அது 1983 ஆகஸ்ட் முதல் வாரம். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. காலையிலும் மாலையிலும் நான் தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன். இடையில், சேலத்தில் அச்சாகும் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். நாமக்கல்லில் நடப்பதை எழுதி, உறையில் போட்டு, மேலே 'நியூஸ் கவர், அவசரம்' என்று எழுதி, நான்கு மணி சேலம் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுப்பேன். டிரைவரின் தலைக்கு மேல் இருந்த சாமி படத்துக்குப் பின்னால் அதைச் செருகிவைப்பார். சேலம் பஸ் நிலையத்தில் அலுவலக ஆள் ஒருவர் காத்திருந்து வாங்கிக்கொள்வார். கவர் பஸ் ஏறிவிட்டால் அதன் பிறகு அது என்னுடையது அல்ல.

அந்தப் பெண்ணை எனக்கு முன்பே தெரியும். நூற்பாலைக்குப் பின்னால் தாயகம் திரும்பியவர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் இருந்தாள். ஊரில் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய தாத்தா போனது இந்தப் பக்கத்திலிருந்துதான். எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. 'சேலம் சில்லா' என்று மட்டும் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தீவு சுதந்திரம் அடைந்த ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை போயிற்று. 1964இல் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், வளர்ந்த அக்காளுக்கு இந்தியா விழுந்தது, தம்பிக்கு இலங்கை விழுந்தது. எழுபதுகளின் நடுவில் அவள் கணவனோடு கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து நூற்பாலை வேலைக்கு அனுப்பப்பட்டாள். 77இல் அங்கே தமிழர்களுக்கு அடி விழுந்தபோதும் 81இல் விழுந்தபோதும் தம்பியிடமிருந்து கடிதம் வரும்வரை பொறுக்காமல், மண்டபம் முகாமுக்குப் போன் போட்டு விசாரிக்க முடியுமா என்று என்னிடம் வந்து கேட்டாள். முடியாது என்று இரண்டு முறையும் சொன்னேன்.

இந்த முறை, ஜூலைக் கலவரம் ஓய்வதற்குள் கடிதமே வந்துவிட்டது.

"மாஸ்டர், படிச்சிச் சொல்லுங்க," என்றாள். "வூட்ல அவரு நைட்டு ஷிப்டு, தூங்கறாரு. எழுப்பிக் கேக்க பயமா இருக்கு."

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"எழுத்துக் கூட்டுவேன். நடுவுல ஏதாச்சும் இருந்தா நின்னுபோயிருவேன். நீங்க நிக்காமப் படிச்சிருங்க."

நிற்காமல் படித்தேன். தம்பி உயிரோடு இருந்தான். பிள்ளைகள் இரண்டும் இருந்தன. அவன் மனைவி முந்தைய வருடமே காய்ச்சலில் இறந்தவள். மலையில் ஒரு சிறு நகரத்தில் ரொட்டிக் கடையில் அவனுக்கு வேலை. கூட்டம் வந்தபோது கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததாம். பெயரைப் படித்து, வீட்டு எண்ணைப் பார்த்து, அந்த வீட்டை மட்டும் கொளுத்திவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார்கள். கடை முதலாளி சிங்களவர். அவர் இவர்கள் மூவரையும் மாவு மூட்டை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இப்போதும் அந்த அறையில்தான் இருக்கிறோம், வெளியே இன்னும் போக முடியவில்லை என்று எழுதியிருந்தான். முதலாளியின் பெயர், கடை இருக்கும் தெரு, எதிரில் என்ன இருக்கிறது என்பதுவரை எழுதியிருந்தான். அக்காளுக்கு இடம் விளங்க வேண்டும் என்று எழுதியது அது. கப்பலில் வந்த யாரோ கடிதத்தைக் கொண்டுவந்து ராமேசுவரத்தில் தபாலில் சேர்த்திருந்தார்கள்.

அவள் அழவில்லை. கடிதத்தை வாங்கி மடியில் வைத்து இரண்டு முறை தடவினாள்.

நான் கேட்டேன், "இதைப் பேப்பர்ல போடலாமா?"

"போடுங்க மாஸ்டர். அந்த மொதலாளி செஞ்சது நாலு பேருக்குத் தெரியட்டும். எல்லாரும் அங்க இருக்கிற சிங்களவங்க அத்தனை பேரையும் திட்டிக்கிட்டு இருக்காங்க."

அது உண்மை. அந்த வாரம் ஊர் முழுக்கக் கறுப்புக் கொடி. கடையடைப்பு, ஊர்வலம், உருவ பொம்மை எரிப்பு. சேலம் அலுவலகத்திலிருந்து தினமும் ஒரே பேச்சு: உள்ளூர் ஆள் யாருக்காவது அங்கே சொந்தம் இருந்தால் எழுது, பெயர், ஊர், தெரு எல்லாம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டுக்கதை என்று தூக்கிப் போடுவோம். யார், எங்கே, எப்போது என்பதுதான் எனக்கு அவர்கள் கற்றுக்கொடுத்த முதல் பாடம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. என் கவரில் பெயர் விட்டுப்போனது என்று யாரும் சொன்னதில்லை. மூன்று முப்பதுக்குள் எழுதி முடித்தேன். தம்பியின் பெயர், வயது. முதலாளியின் முழுப்பெயர். நகரம், தெரு, எதிரில் இருந்த கட்டடம். மாவு மூட்டை அறை. கவர் நான்கு மணி பஸ்ஸில் போயிற்று.

ஐந்து முப்பத்தைந்துக்கு அவள் திரும்பி வந்தாள். மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எட்டு இயந்திரங்களும் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருந்தன. அவள் கையில் சந்தையில் வாங்கிய கருவாட்டுப் பொட்டலம். அதை என் மேசைமேல் வைத்தாள். பொட்டலம் சுற்றியிருந்தது எங்கள் நாளிதழின் பழைய தாள்.

"மாஸ்டர், தோட்டத்துக் கடையில கருவாடு இப்பிடித்தான் கட்டிக் குடுப்பாங்க."

எனக்குப் புரியவில்லை.

"இந்தப் பேப்பருதான். தலைப்புல இருக்கிற இந்தப் படம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்கப்பா அதுல சேலம்னு போட்டிருந்தா கிழிச்சி வச்சிக்குவாரு. இந்தப் பேப்பரு அங்க வரும் மாஸ்டர்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "மொதலாளி பேரு போட்டீங்களா?"

"போட்டேன்."

"தெரு?"

"அதுவும்."

"மூட்டை ரூமு?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் பயிற்சி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அருகில் தட்டிக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வாக்காளர் பட்டியலைப் பற்றி நான்தான் முதல் வரியில் எழுதியிருந்தேன். எழுதும்போது நல்ல முதல் வரி என்றுதான் தோன்றியது.

டெலிபோன் இருந்த பக்கத்து இடம் லாரி புக்கிங் ஆபீஸ். ஓடினேன். அங்கே மேனேஜர் எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பம், என் அப்பாவைவிட ஐந்தாறு வயது இளையவர். டயர் மேல் கால் வைத்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங் தம்பி, லாரிக்கு பிரேக்கு போனாப்புல ஓடியாறீங்க?"

"சேலத்துக்கு ட்ரங்க் கால் போடணுங்க. அவசரம்."

"போடுங்க, போடுங்க. ஆனா இந்த எக்ஸ்சேஞ்சு நம்மூட்டு எருமையாட்டமுங்க. அதுக்கா தோணுனாத்தான் எந்திரிக்கும். அக்கட்ட உக்காருங்க."

அர்ஜெண்ட் கால் பதிவுசெய்தேன். ஐந்து ஐம்பது. பஸ் சேலத்துக்குள் நுழைந்திருக்கும். ஆறு மணிக்குக் கவரைப் பிரித்திருப்பார்கள். ஆறு பத்துக்கு எழுத்துக் கோப்பவர் கையில். எனக்கு அந்த அறையின் ஒவ்வொரு அடியும் தெரியும். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கும் அந்த ஆள் பெயர்ச்சொற்களில் தவறு விடமாட்டார். ஒருமுறை ஒரு பெயரைத் தவறாகக் கோத்ததற்காக ஆசிரியர் அவரை எல்லார் முன்னாலும் பேசிவிட்டார். அதிலிருந்து பெயர்களை இரண்டு முறை சரிபார்ப்பார்.

ஆறு இருபது. ஆறு நாற்பது. அந்தப் பெண் லாரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றுகொண்டாள். மேனேஜர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுமைக்காரர் ஒருவரை எழுப்பி ஸ்டூலை அவளிடம் தரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

ஆறு ஐம்பத்தைந்துக்கு மணி அடித்தது.

சேலத்தில் எடுத்தவர் செய்தி மேசை உதவி ஆசிரியர். வெளியூர் நிருபர்களை அவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்.

"என்ன நாமக்கல்! உங்க மேட்டர் அருமை. ஏழாம் பக்கத்துல மேலயே வச்சிருக்கேன்."

"சார், அதை எடுத்துடுங்க."

"எதை?"

"அந்தச் செய்தியை. இல்லேன்னா பேர், தெரு மட்டுமாவது எடுத்துடுங்க."

"பேர் இல்லாம அதுல என்ன இருக்கு? தப்பா ஏதாச்சும்?"

"தப்பு இல்ல சார். அந்த ஆள் இன்னும் அந்த அறையிலதான் இருக்காரு."

"இங்க பாருங்க. நம்ம பேப்பரை அங்க யாரு படிக்கறா? தினம் ஒரு ஆயிரம் பேர் சாகறதா மத்த பேப்பர்க்காரனுங்க எழுதிக்கிட்டிருக்கானுங்க, நாம ஒரு நல்ல சிங்களவனைப் பத்தி எழுதறோம். டாக் எடிஷன் மிஷின்ல ஏறியாச்சு."

டாக் பதிப்பு என்பது தூரத்து ஊர்களுக்கு முதலில் அச்சாகும் பதிப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் போகும். ஒரு கட்டு ரயிலில் சென்னைக்கும் போகும். சென்னையிலிருந்து எங்கே போகும் என்பதை என் மேசையில் இருந்த கருவாட்டுப் பொட்டலம் சொல்லிவிட்டது. அவர் பேசும்போதே பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"நிறுத்த முடியாதா சார்?"

"நிறுத்தணும்னா எனக்கு ஒரு காரணம் வேணும். உண்மைச் செய்தியை எப்படி நிறுத்துவேன்? நீங்க சொல்லுங்க, செய்தி பொய்யா?"

மேனேஜர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அவள் வாசலில் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொய் சார்," என்றேன். "அப்படி ஒரு கடிதம் வரலை. நானே கட்டி எழுதினேன்."

அவர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு யாரையோ கூப்பிட்டார்.

"நாலு வருசமா நாமக்கல்ன்னா கண்ணை மூடிட்டுப் போடுவேன்," என்றார். "டாக்குல பாதிக்கு மேல ஓடிருச்சு. ஓடினது ஓடினதுதான். மிச்சத்துலயும் லோக்கல்லயும் தூக்கறேன். நாளைல இருந்து கவர் அனுப்ப வேண்டாம்."

போனை வைத்தேன்.

"எடுத்துட்டாங்களா மாஸ்டர்?" என்றாள்.

"எடுத்துட்டாங்க," என்றேன். அது பாதி உண்மை. அந்த மாலையில் நான் சொன்ன இரண்டாவது பொய் என்றும் அதை எழுதலாம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பஸ் நிலையத்தில் ஏஜெண்டு கட்டைப் பிரிக்கும்போது நின்றிருந்தேன். ஏழாம் பக்கத்தின் மேலே ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டச் செய்தி இருந்தது. அந்தப் பெண்ணும் வந்திருந்தாள்; ஏஜெண்டிடமிருந்து ஒரு பேப்பரை வாங்கி, கடைசிவரை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆலைக்குப் போனாள். டாக் பதிப்பு என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது.

லாரி ஆபீசில் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போனால் சுமைக்காரர்கள், "கதை எழுதற தம்பி வாராருங்கோ, உக்காந்து கேளுங்கோ," என்பார்கள். ஒருவர், "தம்பி, எனக்கும் ஒண்ணு எழுதுங்க, லாட்டரி விழுந்தாப்புல," என்றார். மேனேஜரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நான்காம் நாள் அவரே என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். சிரிப்பு இல்லை. மேசைமேல் எங்கள் நாளிதழ் ஒன்று, நான்காக மடித்து.

"ஓசூர் போன டிரைவர் கிருஷ்ணகிரி டீக்கடையில படிக்கறதுக்கு வாங்கியாந்துருக்கான். நீங்க போன் போட்ட மறுநாத் தேதியேதானுங்க. ஏழாம் பக்கத்தப் பாருங்க."

பார்த்தேன். பக்கத்தின் மேல் பாதியில், கட்டம் போட்டு. ஓர் எழுத்துப் பிழை இல்லை. முதலாளியின் நீளமான பெயரைக்கூடச் சரியாகக் கோத்திருந்தார்.

"கதைன்னு சொன்னீங்க," என்றார் மேனேஜர்.

"ஆமாங்க."

"அன்னிக்கு அந்தப் புள்ள நின்ன நெலையப் பாத்தேன். கதைக்கு ஆரும் அப்பிடி நிக்க மாட்டாங்க. நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்க."

அவர் பேப்பரை மறுபடி மடித்தார். பிறகு கரும்பலகையில் அன்றைய லாரிகளைப் பார்த்தார். "தருமபுரி ரூட்டுல இன்னிக்கு மூணு வண்டி. நாளைக்கு ரெண்டு. டிரைவருங்ககிட்டச் சொல்லி, டீக்கடை, சலூனு, பொட்டலக் கடை, எங்க அந்தத் தேதிப் பேப்பர் கெடந்தாலும் அள்ளிட்டு வரச் சொல்றேன். என்னத்துக்குன்னு கேட்டா, ஊட்டுச் சோசியரு பரிகாரம் சொல்லியிருக்காருன்னு சொல்லிக்கலாம்."

பத்து நாட்களில் பதினொரு தாள்கள் வந்து சேர்ந்தன. ஒன்றில் எண்ணெய்க் கறை. ஒன்றில் சவர நுரை காய்ந்திருந்தது. இன்னொன்றில் ஏழாம் பக்கம் மட்டும் இல்லை. அதை யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று டிரைவருக்குத் தெரியவில்லை. சென்னைக்குப் போன கட்டை எந்த லாரியாலும் கொண்டுவர முடியாது.

அதற்குப் பிறகான மாதங்களில் நான் செய்தது ஒன்றுதான். தினமும் அந்தக் கட்டைப் பின்தொடர்ந்தேன், மனதால். சென்ட்ரல் நிலையம், ஏஜெண்டு, விமானம் அல்லது கப்பல், கொழும்பில் ஒரு கடை, மலை ஏறும் ஒரு லாரி. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டாலும் தாள் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. வானொலியில் மலைநகரங்களின் பெயர் வரும்போது சத்தத்தைக் கூட்டுவேன். அந்த நகரத்தின் பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் உடனே குறைப்பேன். அவள் வழியில் எதிர்ப்பட்டால், தம்பியிடமிருந்து ஏதாவது உண்டா என்று நான் கேட்பதில்லை. அவள் சொல்லும்வரை காத்திருப்பேன். ஒவ்வொரு முறையும், "ஒண்ணுமில்ல மாஸ்டர், கடுதாசி வல்ல," என்று சொல்லிவிட்டுப் போவாள்.

1984 பொங்கல் கழிந்து தம்பி வந்தான். பிள்ளைகளோடு. கப்பலில் வந்து மண்டபத்தில் பதிவுசெய்து, அங்கிருந்து அக்காள் வீட்டுக்கு. நான் போனபோது வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் தலையை வாரிக்கொண்டிருந்தான். என் முன்னால் எழுந்து நின்றான்.

"அக்கா சொல்லிச்சு. கடுதாசி படிச்ச மாஸ்டர்."

முதலாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நாங்க கெளம்புறப்ப நல்லாத்தான் இருந்தாரு. ரொட்டி வேன்ல தட்டுக்குப் பின்னால எங்களை உக்கார வச்சி அவரே ஓட்டிட்டு வந்து ரயில் டேசன்ல விட்டாரு. இன்னும் கொஞ்சம் நாள் இருக்கச் சொன்னவருதான். திடீர்னு ஒரு நாள் போயிருன்னுட்டாரு."

"ஏன்?"

"ரெண்டு பேரு வந்து கடைக்கு எதிர்ல நின்னாங்க. கடையைப் பாத்தாங்க, போர்டைப் பாத்தாங்க, போயிட்டாங்க. சாமான் ஒண்ணும் வாங்கல. அதுக்கப்புறம் மொதலாளிக்கு ராத்திரி தூக்கம் இல்ல."

"கையில ஏதாவது வச்சிருந்தாங்களா?"

அவன் யோசித்தான். "ஒருத்தன் கையில தாளு மாதிரி என்னவோ இருந்திச்சு. மூட்டைக்கு நடுவுல இருந்து பாத்தா சரியாத் தெரியாது மாஸ்டர்."

"எப்போ அது?"

"ஆகஸ்டு கடைசி இருக்கும். அதுக்கப்புறம் முகாமுல கெடந்து கப்பல் ஏற இத்தனை மாசம் ஆயிருச்சு."

பிள்ளை சீப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அவன் பின்னாலேயே போனான். என் கணக்கில் ஆகஸ்ட் கடைசி சரியாகப் பொருந்தியது. வாக்காளர் பட்டியலும் தாள்தான். ரொட்டிக்கு ஆர்டர் எழுதிய சீட்டும் தாள்தான். இரண்டையும் எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சித்திரையில் அவன் முதலாளிக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினான். உறைமேல் முகவரியை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துதர வேண்டும் என்று அக்காளோடு பயிலகத்துக்கு வந்தான். பழைய கடிதத்தை எடுத்து முகவரியைக் காட்டப் போனான். தேவைப்படவில்லை. பெயர், தெரு, எதிரில் இருந்த கட்டடம், நகரம். பார்க்காமல் தட்டினேன்.

"மாஸ்டருக்கு என்னா ஞாபகம்!" என்றான் அக்காளிடம். அவள் சிரித்தாள். எழுபதுகளில் கப்பலில் இறங்கியதிலிருந்து அவள் சிரித்துத் தான் பார்த்ததே இல்லை என்று அவள் கணவன் பிறகு சொன்னான்.

பதில் வரவில்லை. ஆடியில் இன்னொன்று எழுதினான். அதற்கும் இல்லை. தபால் சரியாகப் போகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கப்பல் போக்குவரத்தும் அந்த வருடம் நின்றுவிட்டது. அடுத்த தை மாதம் மூன்றாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினான். அந்த உறையையும் நானே தட்டிக்கொடுத்தேன்.

அது ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. உறை பிரிக்கப்படவில்லை. நான் தட்டியிருந்த பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 'ஆள் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.